மூத்த புள்ளியும் இளைய புள்ளியும்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் என் போனை எடுப்பதில்லை. பதினேழு முறை அடித்துவிட்டேன். பதினெட்டாவது முறை உங்கள் மகள் எடுத்து, "சித்தப்பா, அம்மா குளிக்கிறாங்கன்னு சொல்லச் சொன்னாங்க" என்றாள். பின்னாலேயே நீங்கள் அவளைத் திட்டுவதும் கேட்டது. கடிதத்திடம் யாரும் குளிக்கிறேன் என்று சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அண்ணனுக்காக நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் நான் பேசியது தப்பு. அவர் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முதல் வரிசையில் நீங்கள், பக்கத்தில் குழந்தை. மலைமேல் அவரோடு தொலைநோக்கியில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அவர் எவ்வளவு நல்லவர் என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். நான் மட்டும் திரையில் ஒரு அட்டவணையைப் போட்டு, "அண்ணன் இந்த ரெண்டு பத்தியில இருக்கிற எண்களையும் இடம் மாத்தி எழுதிட்டார், அதனால அவர் கண்டுபிடிச்சது நிக்காது" என்று சொல்லிவிட்டு வந்தேன். தேநீர் கொடுக்கும் முன்பே நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அவர் கணக்கில் நான் தப்புக் கண்டுபிடித்தால் முதலில் சந்தோஷப்படுகிறவர் அவர்தான். "எங்கடா, காட்டு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். அன்றைக்கும் எழுந்து வருவார் என்ற நினைப்பிலேயே பேசிக்கொண்டு போனேன் போலிருக்கிறது. முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவர் இல்லை என்பது உறைத்தது. அதற்குள் நீங்களும் இல்லை.

இப்போது வெட்கத்தை விட்டு ஒரு உதவி கேட்கிறேன். மலைமேல் இருந்த பதினோரு வருடமும் அவர் கையால் எழுதிய நோட்டுகள் உங்கள் பீரோவில் இருக்கின்றன. எங்கள் வானியல் மையத்தில் தொலைநோக்கி எடுத்த படங்கள் மட்டும்தான் இருக்கின்றன. ஒன்பதாம் வருட நோட்டைப் பார்த்தால் பிழை எப்படி நேர்ந்தது என்று தெரிந்துவிடும். அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பு மே மாதக் கடைசிக்குள் பத்திரிகைக்குப் போக வேண்டும் என்று இயக்குநர் அம்மா சொல்லிவிட்டார். அதில் 'கவனக்குறைவு' என்ற சொல்லைப் போடாமல் தப்பிக்க வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

நீங்கள் எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்ளும்,
கொழுந்தன்


பிப்ரவரி 21

மதிப்புக்குரிய ஆராய்ச்சியாளர் அவர்களுக்கு,

பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடையில் நிற்கும் ஒருத்தி எழுதுவது.

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். வீட்டில் படித்தால் கிழித்திருப்பேன். இருமல் மருந்துக்கு நிற்கிறவர்கள் முன்னால் கிழிக்க முடியவில்லை.

நான் இந்தக் குடும்பத்துக்குள் வந்தபோது நீங்கள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் சட்டைக்குப் பித்தான் தைத்திருக்கிறேன். காய்ச்சலில் படுத்தால் மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்திருக்கிறேன், பதினாறு வயதுப் பிள்ளைக்கு. விழுங்கத் தெரியாது என்று அவ்வளவு நாடகம். அந்தப் பிள்ளை இன்றைக்கு மேடை ஏறி, என் புருஷன் பதினோரு வருடம் கண்விழித்துப் பார்த்ததை ஐந்தே நிமிடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்குகிறது. கைதட்டல்கூடக் கேட்டது.

அவர் தூங்குகிற நேரத்தில்தான் இந்த வீட்டில் நாங்கள் வாழ்ந்தோம். காலை ஏழு மணிக்கு அவர் மலையிலிருந்து இறங்கி வருவார், மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவாள். வாசலில் ஒருவரை ஒருவர் தாண்டிப் போவார்கள். அதற்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு கட்டுரை. அதையும் பிடுங்கியாயிற்று.

நோட்டு தர முடியாது. சட்டைகளைக்கூட எடுத்துக் கொடுத்துவிட்டேன். நோட்டு மட்டும்தான் மிச்சம்.

ஒன்று கேட்கிறேன். பத்தி மாறினால் என்ன குடி முழுகிவிடும்? இரண்டு புள்ளி, எது எதுவாக இருந்தால் என்ன? எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். கோபப்படுவதாக இருந்தாலும் விஷயம் தெரிந்து கோபப்பட வேண்டும்.

இப்படிக்கு,
அவருடைய மனைவி


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

இருபது வருடத்தில் முதல் முறையாக என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற திட்டெல்லாம் அதற்குப் பிறகு பெரிதாகத் தெரியவில்லை.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு குவேசார். எங்கோ தூரத்தில் ஒரு பெரிய கருந்துளை. அதைச் சுற்றி வாயு தட்டுப்போலப் பரந்து சுழல்கிறது, உரசி உரசிப் பழுக்கக் காய்ந்து வெளிச்சம் விடுகிறது. அந்தத் தட்டு எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு பாடும். எந்தத் தொலைநோக்கியை வைத்துப் பார்த்தாலும் அது வெறும் புள்ளிதான். தட்டாகத் தெரியாது.

ஆனால் நமக்கும் அதற்கும் நடுவே இன்னொரு விண்மீன் திரள் நிற்கிறது. அதன் எடை, வருகிற வெளிச்சத்தை இரண்டு பக்கமும் வளைத்துவிடுகிறது. லென்ஸ் மாதிரி வேலை செய்வதால் ஈர்ப்பு வில்லை என்கிறோம். அதனால் ஒரே குவேசார் நமக்கு இரண்டு புள்ளியாகத் தெரிகிறது. ஒரு பாதை கொஞ்சம் சுருக்கம், இன்னொன்று சுற்று. சுருக்குப்பாதை வெளிச்சம் நாற்பத்தேழு நாள் முந்தி வந்துவிடும். அதனால் அண்ணன் முந்தி வருவதற்கு மூத்தது என்றும் பிந்தி வருவதற்கு இளையது என்றும் பெயர் வைத்தார். மற்றபடி இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம்தான். படத்தில் மேலே இருப்பது மூத்தது, கீழே இருப்பது இளையது. அப்படித்தான் பிரித்துப் பார்க்கிறோம்.

குவேசாரின் வெளிச்சம் தானாகக் கூடினாலும் குறைந்தாலும் மூத்ததில் முதலில் தெரியும், நாற்பத்தேழு நாள் கழித்து இளையதிலும் அப்படியே தெரியும். மூத்ததில் ஒன்றும் இல்லாமல் இளையது மட்டும் கூடினால், அது குவேசாரின் வேலை இல்லை. நடுவில் நிற்கும் திரளில் ஏதோ ஒரு நட்சத்திரம் அந்தப் பாதைக்குக் குறுக்கே வந்து, குட்டி வில்லையாக நின்று, வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறது. எவ்வளவு வேகமாகக் கூடியது என்று பார்த்தால் தட்டின் அளவு கிடைத்துவிடும். சின்னத் தட்டு என்றால் சட்டென்று கூடும், பெரிய தட்டு என்றால் மெதுவாக.

ஒன்பதாம் வருடம் பிப்ரவரிக் கடைசியில் இளையது கூடத் தொடங்கியது என்று அண்ணனுடைய அட்டவணை சொல்கிறது. படங்களை நான் கணினியில் போட்டுப் பார்த்தால் கூடியது மேலே இருக்கும் புள்ளி, அதாவது மூத்தது. மூத்தது கூடினால் அது குவேசாரே கூடியதாக இருக்கலாம். இளையதில் தெரிய வேண்டிய நேரத்தில் அந்தப் பக்கத்து வானம் சூரியனுக்குப் பின்னால் போய்விட்டது. அப்புறம் தட்டின் அளவு எங்கே கிடைக்கும்? அந்த வருடம் குவேசார் வானத்தில் தெரிந்த பருவம் முழுக்க, ஆறு மாதத்துக்கு, பத்தி மாறியிருக்கிறது. களைப்பில் எழுதியிருப்பார் என்று நினைத்தேன்.

இவ்வளவுதான் அண்ணி. விஷயம் தெரிந்தாயிற்று, இனி நன்றாகவே கோபப்படலாம்.

கொழுந்தன்


மார்ச் 14

தம்பிக்கு,

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை மகளிடம் கொடுத்தேன். அவள், "இதைத்தானே அப்பா எனக்கு நாலாவது படிக்கும்போதே சொன்னார்" என்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஆறு மாதம் பத்தியை மாற்றி எழுதுகிற மனிதர் இல்லை அவர். ஒரு நாள் மாற்றுவார், இரண்டு நாள் மாற்றுவார். வீட்டில் சர்க்கரை டப்பாவும் உப்பு டப்பாவும் இடம் மாறினால் நின்று பேசுகிற ஆள். அதனால் நோட்டுகளை வெளியே எடுத்திருக்கிறேன்.

உனக்கு அனுப்பப்போவதில்லை. அனுப்பினாலும் உன்னால் படிக்க முடியாது. அவர் கையெழுத்து அப்படி. நான் இருபது வருடமாக டாக்டர்கள் கிறுக்குவதைப் படித்துப் பிழைக்கிறவள். ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்தால் ஆள் போய்விடும். நானே படித்து, வெள்ளைத்தாளில் எழுதி அனுப்புகிறேன். கடையில் மதியம் இரண்டு மணிக்குமேல் ஈ ஓட்டுகிற நேரம்தான்.

முதல் நோட்டிலிருந்துதான் வருவேன். அவர் கிறுக்கலுக்கு முதலில் பழக வேண்டும். கொஞ்சம் எழுதுகிறேன், பார்.

"நவம்பர் 14. காற்று. தொலைநோக்கியின் மூடி திறக்கவில்லை. பிளாஸ்கில் இருந்த தேநீரை மூன்று தடவை குடித்தேன். ஒவ்வொரு தடவையும் மோசம்."

"ஜனவரி 3. வானம் சுத்தம். இரண்டும் நலம்."

இந்த 'இரண்டும் நலம்' நிறைய நாள் வருகிறது. சில நாளில் 'இரண்டும் நலம், கீழேயும் இரண்டும் நலம்' என்று இருக்கிறது. கீழே இருக்கும் இரண்டு நானும் மகளும். இதை எழுதும்போது கடையில் ஆள் வந்துவிட்டார், முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போக வேண்டியதாயிற்று.

"பிப்ரவரி 20. மேகம். அவளுக்குப் பிறந்தநாள். மறந்தே போனேன். காலையில் எப்படியாவது சமாளிக்க வேண்டும்."

சமாளித்தார். "ராத்திரி பூரா உன்னைத்தான் நினைச்சுட்டு இருந்தேன்" என்றார். பச்சைப் புளுகு. இப்போது கையெழுத்தோடு ஆதாரம் கிடைத்திருக்கிறது, சண்டை போடத்தான் ஆளில்லை.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பாதி இருக்கிறது.

அண்ணி


மார்ச் 23

அன்புள்ள அண்ணிக்கு,

பாதிக் கோபம் எனக்குத் தாராளம். உங்கள் தாள்களை அலுவலக மேசையில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டேன். பக்கத்து அறையில் இருப்பவர் எட்டிப் பார்த்தார். "என்ன, பேப்பர் ஏத்துக்கிட்டாங்களா?" என்றார். இல்லை, எங்க அண்ணன் தேநீர் குடிச்சிருக்கார் என்று சொன்னேன். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஒரே ஒரு வேண்டுகோள். வரிசையாகவே வாருங்கள், அவசரப்படுத்தவில்லை. ஆனால் இயக்குநர் அம்மா நேற்றும் கேட்டார். முடிந்தால் ஒன்பதாம் வருட நோட்டை மட்டும் முன்னாடி பாருங்கள். அக்டோபரில் பருவம் தொடங்கும். அங்கிருந்து பார்த்தால் போதும்.

பத்தி எந்த நாளிலிருந்து மாறுகிறது, அன்றைக்கு அவருக்கு உடம்பு சரியில்லையா, மேலே வேறு யாராவது இருந்தார்களா, இவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

கொழுந்தன்


ஏப்ரல் 5

அன்புத் தம்பிக்கு,

ஒன்பதாம் நோட்டைப் பார்த்துவிட்டேன். உனக்கு உதவுகிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை. நீ மேடையில் சொன்னதே சரியாக இருக்கலாம். அறிவிப்பை அனுப்பிவிடு. 'கவனக்குறைவு' என்றே போட்டுக்கொள், பரவாயில்லை. போன மனிதருக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடப் போவதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் கழுத்துவலிக்கு ஒரு களிம்பு வைத்திருக்கிறேன், தனியாக அனுப்புகிறேன். குழந்தை உன்னை விசாரித்தாள். விடுமுறைக்கு வந்துவிட்டுப் போயேன்.

உன்மேல் எனக்கு இப்போது எந்தக் கோபமும் இல்லை. சத்தியமாக இல்லை.

அண்ணி


ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணிக்கு,

களிம்பு வந்தது. நீங்கள் திட்டி எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். பிப்ரவரியில் கிழிக்கப் போனவர், மார்ச்சில் பாதிக் கோபத்தை மிச்சம் வைத்தவர், ஏப்ரலில் களிம்பு அனுப்பி அண்ணனைக் கவனக்குறைவானவர் என்று எழுதிக்கொள் என்கிறீர்கள். இது நீங்கள் இல்லை. அந்த நோட்டில் ஏதோ இருக்கிறது, அது என்னைப் பற்றியது என்று அன்றைக்கே மனதில் பட்டுவிட்டது.

அதனால் நோட்டு இல்லாமலே ஒன்று செய்து பார்த்தேன். மேடை ஏறும் முன்பே, ஜனவரியிலேயே செய்திருக்க வேண்டியது. முதல் வருட மாணவனாக இருந்தால்கூடச் செய்திருப்பான். ஒன்பதாம் வருடம் நவம்பரில் குவேசார் ஒரு முறை லேசாக மங்கித் தெளிந்தது. சின்ன மங்கல், யாரும் கண்டுகொள்ளாதது. அது எந்தப் புள்ளியில் முதலில் வந்தது என்று தேடினேன். மற்ற பத்து வருடமும் மேலே இருக்கும் புள்ளிதான் முந்துகிறது. அந்த ஒரு பருவத்தில் கீழே இருப்பது முந்துகிறது. சரியாக நாற்பத்தேழு நாள்.

மூத்தது கீழே போயிருக்கிறது அண்ணி. வானத்தில் அது இடம் மாறாது. மாறியது தொலைநோக்கியில் மாட்டியிருக்கும் கேமரா. அந்தப் பருவத்தில் யாரோ அதைக் கழற்றித் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். படத்தின் சட்டத்துக்குள் இந்தப் பக்கம் ஒரு நட்சத்திரம், அந்தப் பக்கம் அதே மாதிரி ஒரு நட்சத்திரம். திருப்பி வைத்தாலும் படம் பார்க்க அப்படியேதான் இருக்கும், அதனால் நான் கவனிக்கவே இல்லை. அண்ணன் அதைத் தெரிந்துகொண்டு, ஒவ்வொரு நாளும் பத்தியைக் கையால் மாற்றிச் சரியாக எழுதியிருக்கிறார். அவர் சரி. நான்தான் தப்பு. நூறு பேர் முன்னால் சொன்னது தப்பு.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த அக்டோபரில் நான் மலைக்குப் போயிருந்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை இந்த மையத்தில் எனக்கு நேர்காணல். ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் கேமராவைத் துடைத்துவிட்டு, "கை விறைச்சுப் போச்சுடா, நீ மாட்டு" என்றார். மாட்டினேன். நாலு திருகு, நாலு ஓட்டை. எந்தப் பக்கம் வைத்தாலும் உட்காரும்.

நான்தானா அண்ணி? அந்தப் பக்கத்தை அனுப்புங்கள். களிம்பெல்லாம் வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 24

தம்பி,

நீயே கண்டுபிடித்துவிட்டாய். இனி மறைத்து என்ன செய்ய. பக்கத்தை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். உனக்குப் படிக்க வராது, கீழே நானே எழுதுகிறேன்.

"அக்டோபர் 11. கேமராவின் ஜன்னல் கண்ணாடியில் ஈரம். கழற்றித் துடைத்தேன். மாட்டப் போகும்போது விரல் நடுக்கம், இந்த மாதம் மூன்றாவது தடவை. தம்பி வந்திருந்தான், அவனை மாட்டச் சொன்னேன்."

"அக்டோபர் 13. படம் தலைகீழ். அவன் மாட்டியதை நான் சரிபார்த்திருக்க வேண்டும். மறுபடி திறந்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். வெளியாள் தொட்டது தெரிந்தால் இயக்குநர் விடமாட்டார். செவ்வாய்க்கிழமை அவனுக்கு நேர்காணல். திறக்கவில்லை. ஜூலையில் எல்லாவற்றையும் கழற்றும்போது சரி செய்துகொள்ளலாம். அதுவரை நானே மாற்றி எழுதிக்கொள்கிறேன். அவனிடம் சொன்னால் நேரே போய் ஒப்புக்கொண்டுவிடுவான், அதனால் அவனிடம் சொல்லக் கூடாது. விரல் விஷயம் அவளிடம் சொல்லக் கூடாது."

ஏப்ரல் முதல் வாரம் மதியம் கடையில் உட்கார்ந்து இதைப் படித்தேன். படித்ததும் முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? உன்னை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான். நீ தலைகீழாக மாட்டுவாயாம், அவர் ஆறு மாதம் உனக்காக மாற்றி எழுதுவாராம், கடைசியில் நீயே மேடையேறி அவருக்கு எழுதத் தெரியவில்லை என்பாயாம். ஒரு முழு நாள் அப்படியே கொதித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கடைசி வரி. அவளிடம் சொல்லக் கூடாது. அவருக்கு நோய் என்று எனக்குத் தெரிந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. நடுக்கத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் நான். கை நீட்டி மாத்திரை வாங்குகிற விரலைப் பார்த்தே இன்னாருக்கு இது முற்றிவிட்டது என்று சொல்வேன். என் வீட்டில் நடுங்கிய விரல் எனக்குத் தெரியவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார். குளிருகிறது என்பார். நானும் நம்பினேன். உன்மேல் இருந்த கோபம் அப்படியே அவர்மேல் திரும்பிவிட்டது. அவர் படத்தின் முன்னால் நின்று கேட்டேன். இவ்வளவு பெரிய விஷயத்தை மறைக்க நான் என்ன பாவம் செய்தேன் என்று வாய்விட்டே கேட்டேன்.

எனக்குச் சொல்லக் கூடாததை நான் படித்தாகிவிட்டது. உனக்குச் சொல்லக் கூடாததையாவது சொல்லாமல் விட்டால் அவர் நினைத்ததில் பாதியாவது நடக்கும் என்று பார்த்தேன். அவர் பெயர் கெடுவதா, உன் வேலைக்கு ஆபத்து வருவதா என்று இரண்டையும் வைத்துப் பார்த்தேன். அவராக இருந்தால் எதை விடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அப்படி எழுதினேன்.

இப்போது பக்கம் உன் கையில். என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நீ ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் இந்த வீட்டில் உன் இடம் அப்படியேதான் இருக்கும். அதை மட்டும் தெரிந்துகொள்.

அண்ணி


மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலுவலகம் போகவில்லை. அழுதேன். சொல்வதற்கென்ன. மூன்றாம் நாள் சவரம் செய்துகொண்டு இயக்குநர் அம்மாவின் அறைக்குப் போனேன். நகலையும், நீங்கள் எழுதியதையும், நாற்பத்தேழு நாள் கணக்கையும் மேசைமேல் வைத்தேன். "கேமராவைத் தலைகீழா மாட்டினது நான். அண்ணன் எழுதினது சரி" என்றேன்.

அவர் நெடுநேரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அன்னிக்கே இது எனக்குத் தெரிஞ்சிருந்தா உங்களை எடுத்திருக்க மாட்டேன்" என்றார். தெரியும் என்றேன். "அவரையும் மலையிலேர்ந்து இறக்கியிருப்பேன்" என்றார். நகலை மறுபடி எடுத்துப் பார்த்து, "அப்படி இறக்கியிருந்தா இதை யார் பாத்திருப்பா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் வேலைக்கு என்ன செய்வது என்று குழு பிறகு முடிவு செய்யுமாம். எச்சரிக்கைக் கடிதம் வரும் என்கிறார்கள். வரட்டும்.

நேற்று அதே அரங்கத்தில், அதே மேடையில் ஏறி எல்லாவற்றையும் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "இதை ஏன் அவர் கட்டுரையில எழுதல?" என்று கேட்டார். தம்பிக்காக என்று சொல்ல வாயைத் திறந்தேன். இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பப் பெறும் அறிவிப்பு இல்லை அண்ணி. அதற்குப் பதில் புதுக் கட்டுரை. கேமரா எப்படி மாறியது என்று மறைக்காமல் எழுதி, அண்ணனின் அட்டவணை அப்படியே போகிறது. இளையது தனியாகத்தான் கூடியிருக்கிறது. நீல வெளிச்சத்தில் வேகமாக, சிவப்பில் மெதுவாக. தட்டின் உள்பக்கம்தான் அதிகச் சூடு, அங்கேதான் நீலம். அந்தப் பகுதி சின்னது, அதனால் சட்டென்று கூடியிருக்கிறது. கணக்குப் போட்டுவிட்டேன். நீல வட்டத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒளி கடக்க நாலு நாள். பல நூறு கோடி வருடம் நடந்து வந்த வெளிச்சத்தில் நாலு நாள் அகலத்தை அண்ணன் மலைமேல் உட்கார்ந்து அளந்திருக்கிறார்.

இதோடு அந்தக் கட்டுரையும் ஒரு படிவமும் இருக்கின்றன. மறைந்தவர் பெயரில் கட்டுரை போவதால் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். நீங்கள் கையெழுத்திட்டால் இந்த மாதமே போய்விடும். ஆசிரியர் வரிசையில் முதலில் அண்ணன், இரண்டாவது நீங்கள். மறுக்காதீர்கள். அந்த நோட்டைப் படிக்க இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை. என் பெயரை எடுத்துவிட்டேன். கணக்கு மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அது போதும். அவர் பெயருக்குக் கீழே என் பெயர் வர எனக்கு இனி யோக்கியதை இல்லை.

தம்பி


மே 15

தம்பி,

படிவம் வந்தது. கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறேன்.

உன் கட்டுரையை மகள் வாசித்து எனக்குச் சொன்னாள். நாலு நாள் என்று வருகிற இடத்தில் நிறுத்தச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். என் பெயரை இரண்டாவதாகப் பார்த்து அவள் ஒரே ஆர்ப்பாட்டம். கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். இனிமேல் வேண்டாம் என்றால் மானம் போய்விடும். என் பெயர் இருக்கட்டும்.

ஆனால் மூன்றாவது பெயர் எங்கே? அவர் அந்த ஆறு மாதமும் மாற்றி மாற்றி எழுதியது எதற்கு? நீ இந்த வேலைக்குள் வர வேண்டும், வந்தபின் வெளியே போகக் கூடாது என்றுதானே. யாரும் உன்னைத் துரத்தவில்லை. அந்த இயக்குநர் அம்மாகூடத் துரத்தவில்லை. நீயாக உன் பெயரை அடித்துவிட்டு எழுந்து போனால், அவர் நடுங்குகிற விரலால் எழுதிய அத்தனை பக்கமும் வீண். கட்டுரையைத் திரும்பப் பெறுவதைவிட இது மோசம்.

யோக்கியதை இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதைச் சொல்ல வேண்டியவர் அவர். எல்லாம் தெரிந்த பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். ஒரு நாள் சொன்னாரா? ஒன்பதுக்குப் பிறகு உள்ள இரண்டு நோட்டையும் படித்து முடித்துவிட்டேன். உன்னைப் பற்றி ஒரு வரி குறை இல்லை. 'தம்பிக்கு வேலை கிடைத்தது' என்று எழுதிய பக்கத்தில் அன்றைய வானம் எப்படி இருந்தது என்பதையே எழுத மறந்திருக்கிறார்.

படிவத்தைத் தபாலில் அனுப்பமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தைப் பிடித்து வா. வந்து என் முன்னால் உட்கார்ந்து உன் பெயரை எழுது. அதற்குப் பிறகு நான் கையெழுத்துப் போடுகிறேன்.

அண்ணி